ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நாடு கொடுத்தால் சண்டை தீர்ந்துவிடுமா?

மார்ச் 2, கேள்வி

மனிதப் புவியியல் தாளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கையிலிருக்கும் குறிப்பில் இப்படி இருக்கிறது: மரபினம் உடல் தோற்றத்தால் வருவது. இனத்துவம் மொழி, மதம், பழக்கவழக்கத்தால் வருவது. தேசியம் என்பது தனி நாடு வேண்டும் என்ற அரசியல் உணர்வு. மூன்றும் தனித்தனிப் பெட்டி. எனக்கு இது தெளிவாகத்தான் படுகிறது. கூடவே என் கருத்து ஒன்று: ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் கண்டபடி கோடு கிழித்ததால்தான் இத்தனை ரத்தம். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நாடு என்று ஒழுங்காகக் கிழித்திருந்தால் பாதிப் போர் நடந்தே இருக்காது. சரிதானே?

மார்ச் 2, இரவு

சரியில்லை. இரண்டாவது கருத்தை முதலில் எடுக்கிறேன், அதுதான் சூடானது.

சோமாலியா. மக்களில் மிகப் பெரும்பான்மையினர் ஒரே மொழி பேசுகிறார்கள், ஒரே மதம், தாங்கள் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்றும் நம்புகிறார்கள். ஆப்பிரிக்காவில் இப்படி இன்னொரு நாட்டைக் காட்டுவது கடினம். உங்கள் கணக்குப்படி அமைதிப் பூங்காவாக இருந்திருக்க வேண்டும். 1991இல் அரசே சரிந்தது. விரிசல் விழுந்தது குலப் பிரிவுகளின் வழியாக. அதே ஆண்டு வடக்கே சோமாலிலாந்து தனியே போவதாக அறிவித்தது.

அடுத்து தெற்கு சூடான். வடக்கிலிருந்து பிரித்துவிட்டால் போதும் என்று பல்லாண்டுகள் போராடி 2011இல் தனி நாடானது. 2013 டிசம்பரிலேயே உள்நாட்டுப் போர். டிங்கா ஒரு பக்கம், நுவேர் ஒரு பக்கம் என்று படை பிளந்தது. 60க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் இடம் அது. வடக்கு எதிரில் நின்றவரை எல்லாரும் "தெற்கத்தியர்". எதிராளி போனதும் அந்தப் பெயருக்கு வேலை குறைந்துவிட்டது.

மறுபக்கம் கொரியா: ஒரே இனம், இரண்டு நாடு, முடிவுக்கு வராத போர். அங்கே கோடு இனத்தைப் பார்த்து விழவில்லை.

காலனியக் கோடுகள் தீங்கு செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. செய்தன. ஆனால் "பெர்லின் மாநாட்டில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆப்பிரிக்காவை வெட்டினார்கள்" என்ற கதை பாதிதான் சரி. 1884–85இல் அங்கே முடிவானவை பெரும்பாலும் விதிகள்: யார் எப்படி உரிமை கோரலாம், எந்த ஆற்றில் யார் கப்பல் விடலாம் என்பவை. கோடுகளில் பெரும்பகுதி அதன்பின் இரண்டிரண்டு நாடுகளாகப் பேசிப் போட்டவை. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளே 1964இல் கெய்ரோவில் கூடி, இருக்கும் எல்லைகளை அப்படியே மதிப்போம் என்று முடிவெடுத்தன. இனவாரியாகத் திருத்த ஆரம்பித்தால் எங்கே நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மார்ச் 3

இப்போது மூன்று பெட்டிக்கு வருவோம். மரபினத்தில் தொடங்கலாம், அதுதான் "இயற்கை" வேடம் போட்டு நிற்பது.

தோல் நிறம் பெரும்பாலும் புற ஊதாக் கதிரின் வரைபடம். வெயில் கடுமையான அட்சரேகைகளில் கருமை, குறைந்த இடங்களில் வெளுப்பு. மேற்கு ஆப்பிரிக்கரும் மெலனீசியத் தீவினரும் ஒரே அளவு கருப்பாக இருக்கலாம். மரபணுவில் அவர்கள் மிகத் தொலைவான உறவு. அரிவாள் செல் நோயை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாகும் பரம்பரை நோய்) "கறுப்பர் நோய்" என்று எழுதிய காலமுண்டு. அதுவும் மலேரியா பரவிய இடங்களின் வரைபடம்தான். மேற்கு ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. கிரேக்கத்திலும் அரேபியாவிலும் இந்தியாவிலும் இருக்கிறது.

1972இல் ரிச்சர்ட் லெவொன்டின் போட்ட கணக்கில், மனிதர்களிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. "பெரிய மரபினங்கள்" என்று சொல்லப்பட்டவற்றுக்கு இடையே இருப்பது சுமார் 6 விழுக்காடு. ஒருவரின் மரபணுவைப் பார்த்து அவர் முன்னோர் எந்தப் பக்கம் என்று சொல்லவே முடியாது என்று இதற்குப் பொருளில்லை, சொல்லலாம். ஆனால் மாற்றம் படிப்படியாக நடக்கிறது. நைல் நதியின் முகத்துவாரத்திலிருந்து நதியை ஒட்டியே தெற்கே நடந்து போனால் எந்த ஊரில் "மரபினம் மாறியது" என்று யாராலும் காட்ட முடியாது. விமானத்தில் போய் இறங்கினால்தான் பெட்டிகள் தெரியும்.

"காக்கேசியன்" என்ற பெயர் வந்த கதை கேட்டால் சிரிப்பீர்கள். 1795இல் புளூமென்பாக் என்ற ஜெர்மானியர் மனிதர்களை ஐந்து வகையாகப் பிரித்தார். தன் சேகரிப்பில் மிக அழகானது என்று அவர் நினைத்த மண்டையோடு ஜார்ஜியாவிலிருந்து வந்தது. அதனால் அந்த வகைக்குக் காக்கசஸ் மலையின் பெயர். இந்த வகைகள் ஒன்றோடொன்று கலந்து மறைபவை, கூர்மையான எல்லை இல்லை என்று அவரே எழுதியும் வைத்தார். பெயர் மட்டும் ஊர் ஊராகப் போனது, எச்சரிக்கை அங்கேயே தங்கிவிட்டது.

மார்ச் 3, சற்றுப் பின்

மேலே சொன்னதற்கு நீதிமன்ற உதாரணம். அமெரிக்காவில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க "வெள்ளையர்" ஆக இருக்க வேண்டிய காலம். (ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குத் தனி அனுமதி 1870இல் வந்தது.) 1922இல் தக்காவோ ஓசாவா என்ற ஜப்பானியர் வழக்காடினார். "நீர் காக்கேசியன் இல்லை, ஆகவே வெள்ளையர் இல்லை" என்றது உச்ச நீதிமன்றம். சரி, விஞ்ஞானம்தான் அளவுகோல் போல என்று 1923இல் பகத் சிங் திண்ட் போனார். பஞ்சாபில் பிறந்தவர், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். அன்றைய மானிடவியல் இந்தியரைக் காக்கேசியன் என்றுதான் வகைப்படுத்தியிருந்தது. அதற்கு அதே நீதிமன்றம், "காக்கேசியனாக இருக்கலாம், ஆனால் சாதாரண மனிதன் புரிந்துகொள்ளும் அர்த்தத்தில் நீர் வெள்ளையர் இல்லை" என்றது. விஞ்ஞானம் ஒத்துவந்தால் விஞ்ஞானம், ஒத்துவராவிட்டால் தெருவில் போகிறவர் கருத்து.

அமெரிக்கக் கணக்கெடுப்பில் இந்தியர்களின் பயணம் இன்னும் வேடிக்கை. 1920 முதல் 1940 வரை "ஹிந்து" என்பது மரபினப் பெட்டி. அதில் எண்ணப்பட்டவர்களில் பலர் சீக்கியர்கள். 1970இல் வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். 1980இல் ஆசிய இந்தியர். உடம்பு அதேதான்.

மார்ச் 5

"அப்படியானால் மரபினம் என்பதே பொய், பேசாமல் விட்டுவிடலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். மனிதர் உண்டாக்கியது என்றால் இல்லாதது என்று ஆகாது. பணமும் மனிதர் உண்டாக்கியதுதான், அது இல்லாமல் வாடகை கொடுத்துப் பாருங்கள்.

புவியியல் இந்த விஷயத்தில் ஏன் தலையிடுகிறது என்பதற்கும் இதுதான் பதில். பெட்டி முதலில் தாளில் இருக்கிறது, பிறகு நிலத்தில் இறங்குகிறது. 1930களில் அமெரிக்காவில் வீட்டுக் கடன் நிறுவனம் ஒன்றை அரசு அமைத்து, 200க்கும் மேற்பட்ட நகரங்களைத் தரம் பிரித்து வரைபடம் போட்டது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. கறுப்பர் வாழும் பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பில் விழுந்தன. அந்தப் பகுதிகளில் வீடு வாங்கக் கடன் கிடைப்பது அரிதானது. வீடில்லை என்றால் அடுத்த தலைமுறைக்குச் சொத்தில்லை. பல மாநிலங்களில் பள்ளிகளின் வருவாயில் பெரும்பங்கு சொத்து வரி என்பதால் நல்ல பள்ளியும் இல்லை. 1968இல் நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்தது. பல நகரங்களின் இன்றைய வருமான வரைபடத்தை அந்தப் பழைய வரைபடத்தின் மேல் வைத்தால் ஆங்காங்கே பொருந்திப்போகிறது.

தென்னாப்பிரிக்கா இதையே மறைக்காமல் செய்தது. 1950இல் இரண்டு சட்டம்: எல்லாரையும் மரபினவாரியாகப் பதிவு செய்ய ஒன்று, எந்தப் பிரிவு எங்கே குடியிருக்கலாம் என்று ஒன்று. முதலாவது இல்லாமல் இரண்டாவது ஓடாது. கேப்டவுனின் ஆறாம் வட்டாரம் 1966இல் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டு, 60,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். யார் எந்தப் பிரிவு என்று சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்த்தார்களாம்: நின்றால் ஒரு பிரிவு, விழுந்தால் இன்னொன்று. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பிரிவு, தம்பி ஒரு பிரிவு என்று பதிவான குடும்பங்கள் உண்டு.

ருவாண்டாவைச் சொல்லாமல் இது முழுமையாகாது. ஹூட்டு, டுட்சி, ட்வா மூவருக்கும் ஒரே மொழி, கலந்த ஊர்கள், கலப்பு மணங்கள். இந்தப் பெயர்கள் பெல்ஜியர்கள் வரும் முன்பே இருந்தன, ஆனால் ஓரளவு நெகிழ்வாக. 1930களில் பெல்ஜிய நிர்வாகம் ஒவ்வொருவர் அடையாள அட்டையிலும் அதை எழுதியது, அது தந்தைவழி இறங்கியது. 1994இல் டுட்சிகள் இனப்படுகொலை செய்யப்பட்டபோது சாலைத் தடுப்புகளில் கேட்டது அந்த அட்டையைத்தான்.

மார்ச் 6

சிவப்பு வரைபடம் பற்றி மீண்டும் யோசித்தேன். அந்த வரைபடம்தான் எல்லாவற்றையும் உண்டாக்கியது என்ற தொனி வந்திருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனமே சிவப்புப் பகுதிகளில் நிறையக் கடன் கொடுத்திருக்கிறது. வங்கிகளும் கடன் காப்பீட்டுத் துறையும் தங்கள் சொந்த விதிகளால் மறுத்துக்கொண்டிருந்தன. வரைபடம் ஏற்கெனவே இருந்த பழக்கத்துக்குச் சாயம் பூசியது. ஆனால் சாயம் பூசுவது சின்ன வேலை இல்லை.

மார்ச் 6, இன்னொன்று

"நீங்கள் எந்தப் பெட்டி?" என்று கேட்டவருக்கு: எந்த விமான நிலையத்தில் இறங்குகிறேன் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் "ஆசியர்" என்றால் முதலில் என்னைத்தான் நினைப்பார்கள். அமெரிக்காவில் அதே பெட்டியில் டிக் போட்டால் எதிரில் இருப்பவர் சீனரைத் தேடுவது போல் என் பின்னால் பார்க்கிறார். பிரான்சில் கேள்வியே கிடையாது, அரசுக் கணக்கெடுப்பு இதைக் கேட்பதில்லை. கேட்காததால் வேலைக்கான நேர்காணலில் பாகுபாடு இருக்கிறதா என்று எண்ணிக்காட்டவும் கஷ்டம். எண்ணினாலும் சிக்கல், எண்ணாவிட்டாலும் சிக்கல்.

மார்ச் 8

இனத்துவம். உங்கள் குறிப்பில் "மொழி, மதம், பழக்கவழக்கம்" என்று பட்டியல் இருக்கிறது. இதில் எது என்று யார் தீர்மானிப்பது?

1969இல் பிரெட்ரிக் பார்த் என்ற நார்வே மானிடவியலாளர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காதே, எல்லை எங்கே போடுகிறார்கள் என்று பார். உடை மாறலாம், மொழி மாறலாம், ஆட்களே இங்கிருந்து அங்கே போகலாம். "நாம், அவர்கள்" என்ற கோடு மட்டும் நிற்கும். அந்தக் கோட்டைக் காட்ட எந்த அடையாளம் பொறுக்கப்படுகிறது என்பது இடத்துக்கு இடம் வேறுபடும்.

நமக்குத் தெரிந்த உதாரணமே போதும். தமிழ்நாட்டில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் பொதுவாகத் தங்களைத் தமிழர் என்றே சொல்கிறார்கள், மதம் இஸ்லாம். பாக்கு நீரிணையைத் தாண்டினால், இலங்கையில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களில் மிகப் பெரும்பான்மையினர் தனி இனமாகத் தங்களைக் கருதுகிறார்கள், கணக்கெடுப்பிலும் தனிப் பிரிவு. மொழி ஒன்றுதான், மதமும் ஒன்றுதான். இரண்டு கரையிலும் அரசியல் போட்டி வேறு, எண்ணிக்கை வேறு, யாரிடமிருந்து வேறுபட வேண்டியிருந்தது என்பது வேறு.

இலங்கையிலேயே இன்னொன்று. 1911 கணக்கெடுப்பிலிருந்து "இலங்கைத் தமிழர்", "இந்தியத் தமிழர்" என்று இரண்டு பெட்டி. தோட்டத் தொழிலாளர்களாக வந்தவர்களின் வழியினர் இரண்டாவதில். 1948 குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவர்களில் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்களானார்கள். கடைசியில் மிச்சமிருந்தவர்களுக்கும் வழி செய்த சட்டம் 2003இல்தான் வந்தது. பெட்டியே குற்றவாளி என்று சொல்லவில்லை. பெட்டி முன்பே தயாராக இருந்தது என்று சொல்கிறேன்.

மலேசியா சட்டத்திலேயே எழுதிவிட்டது. அரசியலமைப்பின் 160ஆவது பிரிவுப்படி மலாய்க்காரர் என்பவர் இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்கத்தைக் கடைப்பிடிப்பவர். ரத்தம் என்ற பேச்சே அந்த மூன்றில் இல்லை. ஆனால் நடைமுறையில் எல்லாரும் அதைப் பிறப்பு என்றே பேசுகிறார்கள்.

மார்ச் 9

"மொழியை வைத்துப் பிரித்தால் தெளிவாக இருக்கும்" என்று கேள்வி கேட்டவர் விடாமல் நிற்கிறார். பிடிவாதம் நல்லதுதான். 1923ஐப் பார்ப்போம்.

கிரேக்கமும் துருக்கியும் லோசானில் ஒப்பந்தம் போட்டு மக்களைக் கட்டாயமாக மாற்றிக்கொண்டன. சுமார் 12 லட்சம் பேர் துருக்கிப் பக்கத்திலிருந்து கிரேக்கத்துக்கு, சுமார் 4 லட்சம் பேர் கிரேக்கத்திலிருந்து துருக்கிக்கு. கிரேக்கத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் ஒப்பந்தத்துக்கு முன்பே போரில் தப்பி ஓடிவந்தவர்கள், "திரும்பக் கூடாது" என்று ஒப்பந்தம் முத்திரை குத்தியது. அளவுகோல் மொழி இல்லை, மதம். அதனால் அனதோலியாவின் நடுவில் துருக்கி மொழி மட்டுமே பேசிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் "கிரேக்கர்" ஆகிக் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கிரீட் தீவில் கிரேக்கம் பேசிய முஸ்லிம்கள் "துருக்கியர்" ஆகி எதிர்த்திசையில் போனார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் இருவரையும் அந்நியர் என்றே பார்த்தார்கள்.

மொழியை அளவுகோலாக வைத்திருந்தால் நல்லபடி முடிந்திருக்குமா? அப்போது வேறு லட்சக்கணக்கானோர் தவறான பக்கம் விழுந்திருப்பார்கள்.

மார்ச் 12

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். உங்கள் திட்டம், அதாவது ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நாடு, எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றப்பட்டிருக்கிறது. செய்தது தென்னாப்பிரிக்காவின் இனவொதுக்கல் (அபார்த்தைட்) அரசு.

கோசா மக்களுக்கு டிரான்ஸ்கை (1976), ட்ஸ்வானாவுக்குப் போபுதட்ஸ்வானா (1977), பிறகு வெண்டா, பிறகு கோசாக்களுக்கே இரண்டாவதாகச் சிஸ்கை. கொடி, பாட்டு, நாடாளுமன்றம் எல்லாம் கொடுத்தார்கள். போபுதட்ஸ்வானா ஒரே நிலப்பரப்புகூட இல்லை, ஒட்டாத பல துண்டுகள். பெரும்பான்மை ஆப்பிரிக்கர்களுக்கு இப்படி ஒதுக்கிய நிலம் நாட்டில் சுமார் 13 விழுக்காடு. "உனக்குத்தான் தனி நாடு இருக்கிறதே, இங்கே எதற்கு வாக்குரிமை" என்று கேட்கத்தான் அத்தனை ஏற்பாடும். 1960க்கும் 1983க்கும் இடையே சுமார் 35 லட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டார்கள். தென்னாப்பிரிக்காவைத் தவிர உலகில் வேறெந்த நாடும் இந்த "நாடுகளை" ஏற்கவில்லை.

நீங்கள் கேட்டது இதை இல்லை என்று தெரியும். ஆனால் கோடு போடும் பேனா யார் கையில் என்ற கேள்வியை உங்கள் வாக்கியம் கேட்கவே இல்லை, அதனால் சொன்னேன்.

மார்ச் 14

"எல்லாமே தோல்விக் கதையாகச் சொல்கிறீர்கள், செக்கோஸ்லோவாக்கியா 1993இல் சண்டையில்லாமல் பிரியவில்லையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல அடி. பிரிந்தது. அங்கே இரண்டு குடியரசுகளுக்கும் இடையே கோடு ஏற்கெனவே இருந்தது, அதன் இரு பக்கமும் கலந்து வாழ்ந்தவர்கள் ஒப்பீட்டளவில் குறைவு.

இதைவிட எனக்குப் பிடித்தது ஷ்லெஸ்விக். டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் இடையே ரத்தம் சிந்திய பகுதி. 1920இல் மக்களிடம் வாக்கெடுத்தார்கள். வடக்கு மண்டலத்தில் சுமார் 75 விழுக்காடு டென்மார்க்குக்கு, நடு மண்டலத்தில் சுமார் 80 விழுக்காடு ஜெர்மனிக்கு. கோடு அங்கே போடப்பட்டது, இன்றும் அங்கேயே இருக்கிறது. பார்த்தால் உங்கள் பக்கம் ஜெயித்தது போலத் தெரியும்.

ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். வடக்கு மண்டலத்தின் வாக்குகளை மொத்தமாக எண்ணினார்கள், நடு மண்டலத்தில் ஊர்வாரியாக. அதனால் டோண்டர் போன்ற, ஜெர்மனிக்குப் பெரும்பான்மை வாக்களித்த நகரங்களும் டென்மார்க்குக்குப் போயின. எந்த அலகில் எண்ணுகிறோம் என்பதே பாதி முடிவு. கோட்டின் இரு பக்கமும் சிறுபான்மை மிச்சமிருந்தது. நாஜிக் காலத்தில் அது மீண்டும் புகைந்தது. அமைதி வந்தது 1955இல் இரு அரசுகளும் தனித்தனியே வெளியிட்ட அறிவிப்புகளுக்குப் பின்தான். சிறுபான்மைக்குப் பள்ளி, அரசியல் உரிமை, மற்ற வசதிகள். அதில் நான் அடிக்கடி நினைத்துப்பார்க்கும் வரி ஒன்று உண்டு. ஒருவர் தன்னை டேனிஷ்காரர் என்றோ ஜெர்மானியர் என்றோ சொன்னால் அது அவர் சுதந்திரம். அரசு அதிகாரி அதை மறுக்கவோ சோதிக்கவோ கூடாது. பென்சில் பரிசோதனைக்கு நேர் எதிர்.

மார்ச் 14, நள்ளிரவு

போஸ்னியாவை இதன் பக்கத்தில் வைக்கத் தோன்றியது. 1991 கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் சுமார் 44 விழுக்காடு, செர்பியர் 31, குரோவாசியர் 17. "யூகோஸ்லாவியர்" என்று எழுதிக்கொண்டவர்களும் இருந்தார்கள். முழு யூகோஸ்லாவியாவில் 1981இல் அப்படிச் சொன்னவர்கள் 12 லட்சம். போருக்குப் பின் 1995இல் டேட்டன் ஒப்பந்தம் மூன்று மக்களுக்கும் பங்கு பிரித்தது. நாட்டின் தலைமைக் குழுவுக்கு ஒரு போஸ்னியாக் (முன்பு கணக்கெடுப்பில் "முஸ்லிம்" என்றிருந்த இனம்), ஒரு குரோவாசியர், ஒரு செர்பியர். செய்டிச் என்ற ரோமா இனத்தவரும் ஃபின்ட்சி என்ற யூதரும் "எங்களால் போட்டியிடவே முடியாதா" என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போய் 2009இல் வென்றார்கள். தீர்ப்பு வந்து பத்தாண்டுக்கு மேலாகியும் விதி மாறவில்லை. சண்டையை நிறுத்திய பெட்டிகள் இப்போது நாட்டை நகரவிடாமல் பிடித்துவைத்திருக்கின்றன. போர் தொடர்ந்திருப்பதைவிட மேல் என்று சொல்பவரோடு நான் சண்டைபோட மாட்டேன்.

மார்ச் 17

தேசியம் பாக்கி. பாடப்புத்தகங்கள் குடிமைத் தேசியம் (சேர்ந்து வாழ விரும்பும் குடிமக்களே தேசம்), இனத் தேசியம் (ஒரே வம்சாவளியினரே தேசம்) என்று பிரிக்கும். முதலாவதுக்கு பிரான்ஸ், இரண்டாவதுக்கு ஜெர்மனி. 1882இல் எர்னஸ்ட் ரெனான், தேசம் என்பது தினந்தோறும் நடக்கும் வாக்கெடுப்பு என்று சொன்னது முதல் கட்சிக்கு வேதவாக்கு. அதே உரையில் அவர் தேசம் உருவாக மறதியும் தேவை என்று சொன்னதைத் தேர்வுக் குறிப்புகள் மறந்துவிடுகின்றன.

ஜெர்மனி பற்றிய பகுதி பெரும்பாலும் சரி. 1913 சட்டம் வம்சாவளியையே பார்த்தது. தலைமுறைகளாக ரஷ்யாவில் வாழ்ந்து ஜெர்மன் மறந்தவர்கள் ஜெர்மானியராக வந்து இறங்க முடிந்தது. ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த துருக்கியர் பிள்ளைகளுக்கு 2000இல் சட்டம் மாறும்வரை பிறப்பால் உரிமை இல்லை. ஆனால் பிரான்சை வெறும் குடிமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரெட்டன், ஆக்சிதான் பேசிய பிள்ளைகளைப் பள்ளியில் தண்டித்துத்தான் அந்தக் "குடிமை" ஒருமை வந்தது. இது இரண்டு வகை நாடு இல்லை, ஒரே நாட்டுக்குள் இழுபறி செய்யும் இரண்டு போக்கு என்று எழுதினால் மதிப்பெண் குறையாது என்று நினைக்கிறேன்.

தேசியம் என்றால் கொடி பிடித்த ஊர்வலம் மட்டும் இல்லை. வானிலை அறிக்கையில் மழை நம் எல்லையோடு நின்றுவிடுகிறது, பக்கத்து நாடு சாம்பல் நிறம். அதுவும் தேசியம்தான், தினமும் நடக்கும் வகை.

நிலத்தை வைத்தே தேசம் கட்டுவதற்குக் கசகஸ்தான் நல்ல உதாரணம். 1989இல் கசக்கியர்கள் தங்கள் குடியரசிலேயே 40 விழுக்காட்டுக்குக் கீழே, ரஷ்யர்கள் ஏறக்குறைய அதே அளவு, அதுவும் வடக்கில் குவிந்து. 1997இல் தலைநகரைத் தெற்கு ஓரத்து அல்மாட்டியிலிருந்து வடக்கே மாற்றினார்கள். நிலநடுக்கம், இடநெருக்கடி, சீன எல்லை என்று காரணம் சொன்னார்கள். வடக்கை நழுவவிடாமல் பிடிப்பதும் நோக்கம் என்று பார்த்தவர்கள் பலர். நானும் அந்தக் கட்சி.

மார்ச் 20

கலந்து வாழவைக்க முடியுமா என்று கேட்டவருக்கு: சிங்கப்பூர் முயல்கிறது. 1989இலிருந்து அரசு அடுக்குமாடிகளில் ஒவ்வொரு இனத்துக்கும் உச்சவரம்பு. சீனர்கள் ஒரு கட்டிடத்தில் 87 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, மலாய்க்காரர் 25. இந்தியர் மற்றும் பிறருக்கு முதலில் 13 இருந்தது, 2010இல் 15 ஆனது. பலன் உண்டு, பெரிய இனக் குடியிருப்புக் கொத்துகள் உருவாகவில்லை. செலவும் உண்டு. சீனர் வரம்பு நிறைந்த கட்டிடத்தில் வீட்டை விற்க நினைக்கும் சிறுபான்மையினர் சீனர்களுக்கு விற்க முடியாது, வாங்க ஆள் குறைவு, விலை இறங்கும். கலப்பதற்கும் முதலில் பெட்டி வேண்டியிருக்கிறது பாருங்கள்.

மார்ச் 23

"சொன்னதெல்லாம் சரி, எத்தனை பிரிந்து வாழ்கிறார்கள் என்று அளப்பது எப்படி? ஐந்து மதிப்பெண் கேள்வி வருமாம்" என்கிறார் முதல் கேள்விக்காரர். வேறுபாட்டுக் குறியீடு படியுங்கள். 1955இல் டங்கன் தம்பதியர் பிரபலமாக்கியது.

ஒரு நகரத்தில் நான்கு வட்டம் (வார்டு). ஒரு குழுவில் 100 பேர், வட்டவாரியாக 60, 30, 10, 0. இன்னொரு குழுவில் 200 பேர்: 20, 40, 60, 80. விழுக்காடாக்கினால் முதல் குழு 60, 30, 10, 0. இரண்டாவது 10, 20, 30, 40. வட்டவாரியாக வித்தியாசம் 50, 10, 20, 40. கூட்டினால் 120, பாதி 60. ஒரு குழுவில் 60 விழுக்காட்டினர் வீடு மாறினால்தான் சமமாகப் பரவுவார்கள் என்று பொருள். கடுமையான பிரிவினை.

இப்போது 1ஆம் 4ஆம் வட்டங்களை ஒன்றாகவும் 2ஐயும் 3ஐயும் ஒன்றாகவும் இணைக்கிறோம். முதல் குழு 60, 40. இரண்டாவது 50, 50. வித்தியாசம் 10, 10, பாதி 10. ஒருவர்கூட வீடு மாறவில்லை. 60 பத்தாகிவிட்டது.

கணக்கெடுப்புத் தரவை வரைபடமாக்கும் வேலை கொஞ்ச காலம் பார்த்திருக்கிறேன். ஒரு அலுவலகம், நாங்கள் அனுப்பிய வட்ட வரைபடத்தைத் திருப்பி அனுப்பி, "மாவட்ட அளவில் போடுங்கள், இது பார்க்க நன்றாக இல்லை" என்றது. போட்டோம், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதிலிருந்து எந்த இனப் பரவல் வரைபடத்தைப் பார்த்தாலும் நிறத்தைப் பார்க்கும் முன் எந்த அலகு என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

பயிற்சிக்கு 1ஐயும் 3ஐயும் ஒன்றாக, 2ஐயும் 4ஐயும் ஒன்றாக இணைத்துப் போட்டுப் பாருங்கள். 30 வர வேண்டும். வராவிட்டால் விழுக்காடு ஆக்காமல் நேரடி எண்ணிக்கையையே கழித்திருப்பீர்கள். எல்லாரும் முதலில் அங்கேதான் இடறுகிறார்கள்.